ஆயிரம் வரி, நானூறு பிக்சல்

பைத்தான் கற்கத் தொடங்கிய ஒருவர் டிகின்ட்டரில் ஒரு விண்ணப்பப் படிவம் செய்கிறார். பெயர், முகவரி, பிறந்த தேதி, படிப்பு என்று நாற்பது வரிசைகள். வரிசைக்கு 30 பிக்சல் உயரம் என்றால் மொத்தம் 1,200 பிக்சல். ஜன்னலின் உயரமோ 400தான். பதினான்காவது வரிசை தலையை மட்டும் காட்டிவிட்டு வெட்டுப்பட்டு நிற்கிறது. படிவம் இருக்கும் ஃபிரேமுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரோல்பாரைச் சேர்க்கிறார். அது அழகாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இழுத்துப் பார்த்தால் எதுவும் அசையவில்லை.

டிகின்ட்டரைத் தொட்ட பெரும்பாலோர் இந்த இடத்தில் ஒருமுறையாவது நின்றிருப்பார்கள். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜான் அவுஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே என்ற கருவித்தொகுப்பின் பைத்தான் முகம்தான் டிகின்ட்டர். டிகேயில் ஸ்க்ரோல் செய்யத் தெரிந்த பொருள்கள் சிலவே: பட்டியல் பெட்டி, உரைப் பெட்டி, கேன்வாஸ் போன்றவை. வெறும் ஃபிரேமுக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே சுற்றுவழி ஒன்று பிறந்தது. முதலில் ஒரு கேன்வாஸ். அதற்குள் ஒரு படத்தை வைப்பதுபோல அந்த ஃபிரேமைப் பொருத்த வேண்டும். பிறகு, ஸ்க்ரோல் ஆக வேண்டிய பரப்பு எவ்வளவு என்று கேன்வாஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்க்ரோல்பாரையும் கேன்வாஸையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தவும் வேண்டும்.

அந்த அறிமுகத்துக்குப் பிறகு இரண்டும் பேசிக்கொள்வதைக் கவனித்தால் விஷயம் பாதி விளங்கிவிடும். கேன்வாஸ் ஸ்க்ரோல்பாரிடம் இரண்டே எண்களைச் சொல்கிறது. தொடக்கத்தில் அவை 0, 0.333. 'என்னிடம் இருப்பதில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இப்போது தெரிகிறது' என்று பொருள். பயனர் கட்டையைக் கொஞ்சம் கீழே இழுத்தால், '0.25க்குப் போ' என்று ஸ்க்ரோல்பார் பதில் சொல்கிறது. கேன்வாஸ் நகர்ந்துவிட்டு, 'இப்போது 0.25 முதல் 0.583 வரை' என்று திரும்பத் தெரிவிக்கிறது. பிக்சல் என்ற பேச்சே இதில் இல்லை. உள்ளே இருப்பது கவிதையா கணக்குப் பட்டியலா என்பது ஸ்க்ரோல்பாருக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை.

சுற்றுவழியில் ஒரு பள்ளம் உண்டு. ஸ்க்ரோல் பரப்பைச் சொல்லும் வரியை ஃபிரேமை உருவாக்கிய கையோடு எழுதிவிட்டால், அந்தக் கணத்தில் ஃபிரேமின் அளவு ஒன்றுக்கு ஒரு பிக்சல்தான். நாற்பது வரிசைகளும் இன்னும் தத்தம் இடத்தில் அமரவில்லை. எனவே கேன்வாஸ் தன்னிடம் ஒரே ஒரு பிக்சல் இருப்பதாக நம்பிக்கொண்டு அசையாமல் இருக்கிறது. ஃபிரேமின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் பரப்பைப் புதிதாக அளந்து சொல்ல வேண்டும். 'கான்ஃபிகர்' என்ற நிகழ்வோடு அந்த வரியைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

எந்தக் கருவித்தொகுப்பை எடுத்தாலும், ஸ்க்ரோல் பெட்டிக்குள் மூன்று அளவுகள் இருக்கின்றன: உள்ளடக்கத்தின் உயரம், அதைக் காட்டும் சதுரத்தின் உயரம், இரண்டின் உச்சிகளுக்கும் நடுவே உள்ள தூரம். அந்தச் சதுரத்தை வியூபோர்ட் என்பார்கள். தூரத்தை ஆஃப்செட் என்பார்கள். தடித்த அட்டையில் சதுர ஓட்டை வெட்டி, விரித்த செய்தித்தாளின் மேல் வைத்துவிட்டு, தாளை அடியிலிருந்து இழுப்பதுபோலத் தோன்றும். ஆனால் கணினிக்குள் தாளும் நகர்வதில்லை. ஐபோனின் யூஐஸ்க்ரோல்வியூவை எடுத்துக்கொள்வோம். உள்ளே 700வது புள்ளியில் ஒரு பொத்தான் இருந்தால், ஸ்க்ரோல் செய்வதற்கு முன்னும் பின்னும் அதன் இருப்பிடம் 700தான். பெட்டி தன்னுடைய ஆயத்தொலைவின் தொடக்கப் புள்ளியை 0 என்பதிலிருந்து 600 என்று மாற்றிக்கொள்கிறது, அவ்வளவே. பொத்தான் திரையில் 100வது புள்ளியில் வரையப்படுகிறது. மேக் கணினிகளில் இதே வேலையைச் செய்யும் கிளிப்வியூ என்ற பொருள், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்துக் காலத்திலிருந்து தொடர்ந்து வருவது.

இதனால் பெரிய லாபம் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் பொத்தானுக்கோ படத்துக்கோ தான் ஸ்க்ரோல் ஆகிறோம் என்பதே தெரிய வேண்டியதில்லை. தொடுகை வரும்போது பெட்டியே 100உடன் 600ஐக் கூட்டி, 700ல் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தகவலைச் சேர்த்துவிடும். டிகே கேன்வாஸில் இந்தக் கூட்டலை நிரல் எழுதுபவரே செய்தாக வேண்டும். மறந்தால், சுட்டியால் கோடு வரையும் சின்னச் செயலி ஸ்க்ரோல் செய்யாதவரை நன்றாக ஓடும். ஸ்க்ரோல் செய்த பிறகு, வரைந்த கோடு சுட்டியின் அடியில் விழாமல் எங்கோ மேலே போய் விழும்.

இந்த ஏற்பாடு ஜன்னல்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. டெலிடைப் காலத்தில் காகிதச் சுருள் உண்மையாகவே மேலே போனது. போன வரியைப் பார்க்க வேண்டுமென்றால் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். கண்ணாடித் திரை வந்ததும் மேலே போன வரி காணாமல் போனது. டெக் நிறுவனம் 1978ல் வெளியிட்ட விடி100 முனையத்தில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். திரையின் ஒரு பகுதியை மட்டும், உதாரணமாக 3வது வரி முதல் 20வது வரி வரை, தனியாக நகரவிடும் கட்டளை அதில் இருந்தது. மேலே தலைப்பும் கீழே நிலைவரியும் அசையாமல் நிற்க, நடுப்பகுதி மட்டும் உருளும். ஸ்க்ரோல் பெட்டி என்ற எண்ணத்தின் எழுத்துவடிவம் இது.

படங்களோடு கூடிய திரையில் இது கடினமான வேலை. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆல்ட்டோ கணினி 1973ல் வந்தது. அதன் நெடுக்கான திரை 606க்கு 808 பிக்சல். பிக்சலுக்கு ஒரு பிட் என்றாலும் 61 கிலோபைட்டுக்கு மேல் ஆகிறது. அடிப்படை ஆல்ட்டோவின் மொத்த நினைவகமே 128 கிலோபைட். ஏறக்குறைய பாதி நினைவகம் திரைக்கே போய்விட்ட இயந்திரத்தில், ஒவ்வொரு வரி நகர்வுக்கும் எல்லா எழுத்துகளையும் மறுபடி வரைந்தால் எப்படி ஓடும்? அதே ஆய்வகத்தில் டான் இங்கல்ஸ் 1975ல் உருவாக்கிய பிட்பிளிட் இதற்கு வழி சொன்னது. நினைவகத்தின் ஒரு செவ்வகத்தை அப்படியே இன்னொரு இடத்துக்கு வேகமாக நகலெடுக்கும் செயல் அது. ஸ்க்ரோல் செய்யும்போது, ஏற்கெனவே வரைந்திருப்பதை 20 பிக்சல் மேலே நகலெடுத்துவிட்டு, அடியில் காலியான 20 பிக்சல் பட்டையை மட்டும் புதிதாக வரைந்தால் போதும்.

அந்தத் தந்திரம் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஜாவா ஸ்விங்கின் வியூபோர்ட்டில் இயல்பான ஸ்க்ரோல் முறைக்கு 'பிளிட்' என்றே பெயர். அதன் பலவீனமும் கூடவே இருக்கிறது. பின்னணியில் அசையாத படமொன்றை வைத்து, அதன் மேல் உரையை உருளவிட்டால், நகலெடுக்கும்போது பின்னணியும் சேர்ந்து நகலாகிக் கறைபோல இழுபடும். அந்த மாதிரி நேரத்தில் முழுவதையும் மறுபடி வரையும் எளிய முறைக்கு மாற வேண்டும். கைப்பேசிகளிலும் இன்றைய உலாவிகளிலும் இந்த வேலை கிராஃபிக்ஸ் சிப்பிடம் போய்விட்டது. உள்ளடக்கத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாகவே வரைந்து ஒரு படலமாக வைத்துக்கொண்டு, படலத்தின் இடத்தை மட்டும் மாற்றுகிறார்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிநொடி. 120 முறை என்றால் 8.3தான். அதற்குள் முடியாவிட்டால் திக்குவதைக் கண் உடனே பிடித்துவிடும்.

ஸ்க்ரோல்பாரின் கட்டைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல ஸ்க்ரோல்பாரில் கட்டையின் நீளமே ஒரு தகவல். கட்டை ஓடும் பாதையின் நீளத்தை வியூபோர்ட்டின் உயரத்தால் பெருக்கி, உள்ளடக்கத்தின் உயரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். நம் படிவத்தில் பாதை 300 பிக்சல் என்றால் கட்டை 100 பிக்சல். 'பார்க்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டோம்' என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கட்டை நகர 200 பிக்சல் மிச்சம்; உள்ளடக்கம் நகர வேண்டியது 800. கட்டையை ஒரு பிக்சல் இழுத்தால் படிவம் நான்கு பிக்சல் நகரும். கைக்கு இதமான விகிதம்.

ஒரு லட்சம் வரிசை உள்ள பட்டியலில் இந்தக் கணக்கு உடைந்துபோகிறது. வரிசைக்கு 30 பிக்சல் என்றால் 30 லட்சம் பிக்சல் உயரம். வியூபோர்ட் 600, பாதை 550 என்று வைத்துக் கணக்கிட்டால் கட்டையின் நீளம் 0.11 பிக்சல். கண்ணுக்கே தெரியாது. அதனால் கட்டைக்குக் குறைந்தபட்ச நீளம் வைக்கிறார்கள். 20 பிக்சல் என்று வைத்தால், கட்டையை ஒரு பிக்சல் இழுப்பதற்குள் ஏறக்குறைய 190 வரிசைகள் தாவிப் போய்விடும். இழுத்துத் தேடுவது இங்கே பயனற்றது. இந்த அளவுக்குப் பட்டியல் வளரும் என்று தெரிந்தால், ஸ்க்ரோல்பாரை நம்பாமல் தேடல் பெட்டியோ எழுத்து வரிசைக் குறியீடோ வைப்பதே பயனருக்குச் செய்யும் மரியாதை.

அளவு பற்றிய பேரம்தான் ஸ்க்ரோல் பெட்டியின் இதயம். பொதுவாகத் திரை அமைப்பில் மேலே இருக்கும் பொருள் தன் உள்ளே இருப்பதிடம், 'உனக்கு இவ்வளவு இடம், இதற்குள் அடங்கு' என்று சொல்லும். ஸ்க்ரோல் பெட்டி மட்டும், 'நீ வேண்டிய அளவு வளர், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறது. வெளியே கட்டாயம் ஓர் எல்லை இருக்க வேண்டும், உள்ளே எல்லை இருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளில் ஒன்று குலைந்தாலும் பெட்டி வேலை செய்யாது. ஸ்க்ரோல் ஆகவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்தில் வந்து சேரும்.

வெளி எல்லை இல்லாமல் போவது எப்படி? செங்குத்தாக ஸ்க்ரோல் ஆகும் பெட்டிக்குள், செங்குத்தாகவே ஸ்க்ரோல் ஆகும் ஒரு பட்டியலை வைத்தால் போதும். வெளிப்பெட்டி, 'எவ்வளவு வேண்டுமானாலும் வளர்' என்கிறது. உள்பட்டியலோ, 'எனக்கு எவ்வளவு இடம் என்று சொன்னால்தான் மிச்சத்தை ஸ்க்ரோல் செய்வேன்' என்று காத்திருக்கிறது. இந்த முரணை ஒவ்வொரு கருவித்தொகுப்பும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. ஃப்ளட்டர் வேலையை நிறுத்திவிட்டு, செங்குத்து வியூபோர்ட்டுக்கு எல்லையற்ற உயரம் தரப்பட்டிருக்கிறது என்று பிழைச்செய்தி காட்டுகிறது. ஆண்ட்ராய்டின் பழைய லிஸ்ட்வியூவை ஸ்க்ரோல்வியூவுக்குள் வைத்தால் பிழை எதுவும் வராது. நூறு வரிசை உள்ள பட்டியல் ஒரே ஒரு வரிசை உயரத்துக்குச் சுருங்கிப்போகும். ஃப்ளட்டரின் வழியே மேல். சத்தம் போட்டு நிற்கும் நிரலைத் திருத்திவிடலாம். வாய் திறக்காமல் தப்பான அளவைக் காட்டும் நிரல், எழுதியவரின் அன்றைய மாலையை விழுங்கிவிடும்.

க்யூட் கருவித்தொகுப்பில் இதே பேரம் வேறு முகத்தோடு வருகிறது. அதன் ஸ்க்ரோல்ஏரியாவுக்குள் ஒரு பொருளை வைத்தால், அது தன் சொந்த அளவிலேயே நிற்கும். ஜன்னலை அகலமாக இழுத்தாலும் கூட வளராது. வளர வேண்டுமென்றால் 'அளவு மாற்றலாம்' என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். ஒரு படத்தையோ வரைபடத்தையோ காட்டும்போது அதுவே சரி. படிவத்துக்குச் சரியில்லை. இன்னொன்றும் உண்டு: உள்ளே போகும் பொருளுக்கு லேஅவுட்டை முதலில் கொடுத்துவிட்டுத்தான் ஸ்க்ரோல்ஏரியாவில் வைக்க வேண்டும். பிறகு கொடுத்தால் அந்தப் பொருள் கண்ணில் படாது என்று க்யூட்டின் ஆவணமே எச்சரிக்கிறது.

'வேண்டிய அளவு வளர்' என்ற வாக்குறுதிக்கு இயந்திரத்தின் பக்கமிருந்தும் ஒரு தடை வரும். யூனிக்ஸ், லினக்ஸ் உலகில் நெடுங்காலம் கோலோச்சிய எக்ஸ்11 ஜன்னல் முறையில் ஆயத்தொலைவுகள் 16 பிட் எண்கள். 32,767க்கு மேல் எண்ண முடியாது. முப்பது பிக்சல் வரிசைகள் 1,092 வரை அடங்கும். அதைத் தாண்டி ஒரே ஃபிரேமில் அடுக்கினால் அடியில் இருப்பவை ஒழுங்காகத் தெரியாது. விண்டோஸின் பழைய ஸ்க்ரோல் செய்திகளும் கட்டையின் இருப்பிடத்தை 16 பிட்டில்தான் ஏந்தி வந்தன. முழு எண்ணைப் பெறத் தனியாகக் கேட்க வேண்டும்.

தடை இல்லாவிட்டாலும் ஒரு லட்சம் வரிசைகளை உண்மையாகவே உருவாக்குவது வீண். திரையில் ஒரு நேரத்தில் தெரிவது பத்துப் பன்னிரண்டுதான். ஐபோனின் பட்டியல்களும், ஆண்ட்ராய்டில் 2014ல் வந்த ரீசைக்ளர்வியூவும் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டன. மேலே திரையை விட்டு வெளியேறும் வரிசையை அழிப்பதில்லை. அதையே எடுத்து, புதுப் பெயரும் புதுப் படமும் ஏற்றி, அடியில் மறுபடி நுழைக்கிறார்கள். ஒரு டஜனைச் சற்றுத் தாண்டிய வரிசைப் பொருள்கள், லட்சம் தொடர்புகளைக் காட்டிவிடுகின்றன. கவனக்குறைவாக எழுதினால் பழைய தடயம் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது நண்பருக்கு இட்ட 'தேர்வு' குறி, பதினைந்தாவது நண்பரின் பக்கத்தில் தானாக முளைத்திருந்தால், வரிசையைத் திரும்பப் பயன்படுத்தியபோது குறியைத் துடைக்க மறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

மறுசுழற்சிக்கும் ஒரு விலை இருக்கிறது. இன்னும் உருவாகாத வரிசையின் உயரம் யாருக்கும் தெரியாது. எல்லா வரிசையும் 60 பிக்சல் என்றால் பெருக்கிவிடலாம். ஒரு செய்தி ஒரு வரி, அடுத்தது பன்னிரண்டு வரி என்று இருக்கும் அரட்டைச் செயலியில் அப்படி முடியாது. அதனால் 2013ல் வந்த ஐஓஎஸ் 7ல் 'உத்தேச உயரம்' என்ற அமைப்பைச் சேர்த்தார்கள். முதலில் உத்தேசமாகச் சொல், கண்ணில் படும்போது உண்மையான அளவைக் கண்டுபிடி. உத்தேசம் மிகவும் தப்பாக இருந்தால், விரலால் தள்ளும்போது ஸ்க்ரோல்பார் கட்டை தானாக நீண்டு சுருங்குவதைப் பார்க்கலாம். இணையப் பக்கங்களில் இது இன்னும் எரிச்சலாக வரும்: ஒருவர் ஐந்தாவது பத்தியைப் படித்துக்கொண்டிருக்கையில், மேலே தாமதமாக வந்த படம் இடம் பிடிக்க, படித்த வரி திரையை விட்டே போய்விடும். குரோம் உலாவி 2017ல் இதற்கு ஒரு தீர்வைக் கொண்டுவந்தது. கண்ணில் படும் ஒரு பொருளை நங்கூரமாக வைத்துக்கொண்டு, மேலே எது வளர்ந்தாலும் ஆஃப்செட்டை அதே அளவு கூட்டி, அந்தப் பொருளை அசையவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

அளவுப் பேரத்தில் மிக விசித்திரமான தகராறை உண்டாக்குவது ஸ்க்ரோல்பாரேதான். அது தானும் இடம் பிடிக்கிறது. விண்டோஸில் நெடுங்காலம் 17 பிக்சல் அகலம். 400 அகலம், 300 உயரம் கொண்ட பெட்டிக்குள், அகலத்துக்கேற்ப உயரம் மாறும் ஒரு புகைப்படம் இருக்கட்டும். 400 அகலத்தில் அதன் உயரம் 304. நான்கு பிக்சல் மிஞ்சுகிறது என்று ஸ்க்ரோல்பார் வருகிறது. மிச்ச அகலம் 383. புகைப்படம் சுருங்கி 291 ஆகிறது. அடங்கிவிட்டதே என்று ஸ்க்ரோல்பார் போய்விடுகிறது. உடனே அகலம் மறுபடி 400, உயரம் 304. தடுக்காவிட்டால் இது முடிவில்லாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஸ்க்ரோல்பாரை எப்போதும் காட்டு என்று கட்டளையிடுவது ஒரு தீர்வு. அதற்கான இடத்தை முன்பே ஒதுக்கி வைப்பது இன்னொன்று. ஆப்பிள் 2011 ஜூலையில் மேக் கணினிகளுக்கு வெளியிட்ட லயன் பதிப்பில் மூன்றாவது வழியை எடுத்தது: உள்ளடக்கத்தின் மேலேயே மிதந்து, ஸ்க்ரோல் செய்யும்போது மட்டும் தோன்றி மறையும் மெல்லிய பட்டை. லினக்ஸில் ஜிடிகே கருவித்தொகுப்பும் பின்னர் அதே வழிக்கு வந்தது.

தகராறு தீர்ந்தது; தகவல் ஒன்று போயிற்று. கீழே இன்னும் இருக்கிறது என்பதைச் சொல்ல இப்போது திரையில் எதுவும் இல்லை. ஒரு படிவத்தின் கடைசிக் கேள்வி திரையின் விளிம்போடு சரியாக முடிந்துவிட்டால், அதற்குக் கீழே இன்னும் ஆறு கேள்வி இருப்பதைப் பலர் அறியவே மாட்டார்கள். தமிழ் இடைமுகத்தில் இது கூடுதலாக நேரும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடியும் குறிப்பு தமிழில் இரண்டு வரியாக மடங்கும்; படிவம் நீளும்; ஆங்கிலத்தில் ஸ்க்ரோல் இல்லாமலே முடிந்த பக்கம் தமிழில் ஸ்க்ரோல் கேட்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு அது தெரியாது. கணக்கு, விண்ணப்பம், மருந்துச்சீட்டு போன்ற வேலைச் செயலிகளில் ஸ்க்ரோல்பார் கண்ணுக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். அழகுக்காக அதை மறைப்பது நியாயமில்லை. மேக்கிலும் விண்டோஸ் 11லும் 'எப்போதும் காட்டு' என்ற அமைப்பு இன்றும் இருக்கிறது.

பெட்டியை நகர்த்தும் கை எப்படிப் பேசுகிறது என்பதும் கதையில் முக்கியம். மைக்ரோசாஃப்ட் 1996ல் வெளியிட்ட இன்டெலிமவுஸ்தான் சுட்டிச் சக்கரத்தைப் பரவலாக்கியது. சக்கரம் ஒரு 'கடக்' சுழன்றால் விண்டோஸ் அனுப்பும் எண் 1 அல்ல, 120. ஒன்று என்று வைத்திருந்தால், பின்னாளில் அரைக் 'கடக்', கால் 'கடக்' என்று நுணுக்கமாகச் சுழலும் சக்கரம் வரும்போது பின்னத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். 120ஐ 2, 3, 4, 5, 6, 8 என்று பலவற்றால் மீதியின்றி வகுக்கலாம். க்யூட் அதே எண்ணை வேறு வழியில் விளக்குகிறது: பாகையின் எட்டில் ஒரு பங்கு ஓர் அலகு, சாதாரண சக்கரம் ஒரு 'கடக்'குக்கு 15 பாகை, பெருக்கினால் 120. லினக்ஸ் கெர்னலும் 2019ல் நுணுக்கச் சக்கரத்தைச் சேர்த்தபோது அதே 120ஐத்தான் எடுத்துக்கொண்டது.

விரலுக்குச் சக்கரம் இல்லை. தள்ளிவிட்டு எடுத்துவிடுகிறது. விரல் எடுத்த பிறகும் பட்டியல் ஓடி, மெல்ல அடங்க வேண்டும். ஆப்பிளின் ஸ்க்ரோல்வியூவில் இதற்கு இரண்டு எண்கள் உள்ளன. இயல்பான வேகக்குறைப்பு 0.998, விரைவானது 0.99. ஒவ்வொரு மில்லிநொடியிலும் வேகத்தை இந்த எண்ணால் பெருக்க வேண்டும். மில்லிநொடிக்கு 2 புள்ளி வேகத்தில் தள்ளிவிட்டால், முதல் எண்ணின்படி பட்டியல் சுமார் 1,000 புள்ளி ஓடி நிற்கும். இரண்டாவதன்படி 200 மட்டும். முதல் ஐபோனின் திரை 480 புள்ளி உயரம். அப்படியானால் ஒரே தள்ளில் இரண்டு திரைக்கும் மேல். மூன்றாம் தசம இடத்தில் தொடங்கும் வித்தியாசம், விரலுக்கு முற்றிலும் வேறொரு பொருளைத் தொடுவதுபோலத் தெரியும்.

பட்டியலின் கடைசி வந்துவிட்டால்? சட்டென்று நின்றால், பட்டியல் முடிந்ததா, கைப்பேசி உறைந்துவிட்டதா என்று தெரியாது. ஆப்பிளில் பாஸ் ஓர்டிங் வடிவமைத்த ரப்பர் இழுப்பு இதற்கான விடை. எல்லையைத் தாண்டி இழுத்தால் உள்ளடக்கம் கூட வரும், ஆனால் விரலின் வேகத்தில் சுமார் பாதியில், இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடும், விட்டதும் திரும்பிவிடும். ஒரு டேப்லட் மாதிரியில் இந்த ஓட்டத்தையும் இழுப்பையும் பார்த்தபோதுதான், இதை வைத்து ஒரு போனே செய்துவிடலாம் என்று தோன்றியதாக ஜாப்ஸ் 2010ல் ஒரு மேடையில் சொன்னார். அந்த இழுப்புக்கான காப்புரிமை நீதிமன்றம் வரை போனது. 2012 ஆகஸ்ட் 24 அன்று, சாம்சங் ஆப்பிளுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்பளித்த வழக்கில், மீறப்பட்டதாகச் சொல்லப்பட்ட காப்புரிமைகளில் இதுவும் ஒன்று. தொகை பின்னர் குறைந்தது. ஆண்ட்ராய்டு விளிம்பில் ஒளிரும் வளைவைக் காட்டி வந்தது. 2021ல் 12வது பதிப்பில் உள்ளடக்கமே ஜவ்வுபோல நீளும் முறைக்கு மாறியது.

ஒரு பெட்டிக்குள் இன்னொன்று இருக்கையில், ஒரு தள்ளு யாருக்குச் சேரும் என்ற கேள்வியும் எழும். நீண்ட பக்கத்தின் நடுவே ஒரு வரைபடம் இருந்தால், பக்கத்தை உருட்டிக்கொண்டு போகும் விரல் வரைபடத்துக்குள் சிக்கிக்கொள்ளும். உள்பெட்டி தன் எல்லையை அடைந்ததும் மிச்சத்தை வெளிப்பெட்டிக்குக் கைமாற்றுவது பொதுவான மரபு. சில இடங்களில் அதுவே தொல்லை: அரட்டைப் பெட்டியின் அடிக்கு வந்த பிறகும் சுழற்றினால் பின்னாலிருக்கும் பக்கம் நகர்ந்துவிடும். கைமாற்றத்தை நிறுத்தவும் தொடரவும் இன்றைய உலாவிகளில் ஒரு வரி போதும்.

இத்தனையும் சுட்டியோ விரலோ உள்ளவர்களுக்கு. கை நடுக்கம் உள்ளவர், பார்வையற்றவர், சுட்டி பழுதான அலுவலகத்தில் இருப்பவர் எல்லோரும் டேப் விசையைத் தட்டியே ஒவ்வொரு கட்டமாக நகர்வார்கள். பதின்மூன்றாவது கட்டத்திலிருந்து பதினான்காவதுக்குப் போகும்போது, பெட்டி தானாக உருண்டு அந்தக் கட்டத்தைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். க்யூட்டின் ஸ்க்ரோல்ஏரியா இதைத் தானே செய்கிறது. டிகே கேன்வாஸ் செய்யாது. தட்டச்சு செய்யும் எழுத்துகள் திரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத கட்டத்தில் விழுந்துகொண்டிருக்கும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்காக, 2018ல் வெளியான டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல்தன்மை நெறிமுறை ஒரு விதி வகுத்திருக்கிறது. 1,280 பிக்சல் அகலத் திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால் கிடைப்பது 320 பிக்சல். அந்த அகலத்திலும் சாதாரண உரை ஒரே திசையில் ஸ்க்ரோல் ஆக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துப் படிக்கவைக்கக் கூடாது. வரைபடம், பெரிய அட்டவணை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. இதைச் சோதிக்கத் தனிக் கருவி தேவையில்லை. சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, உலாவியை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, படிவத்தின் முதல் கட்டத்திலிருந்து 'சமர்ப்பி' பொத்தான் வரை டேப் விசையால் மட்டும் போய்ப் பார்த்தால் போதும்.